அரசு வானொலியில் உரையாடல் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் வேலை எப்படி இருக்கும்?

கொங்குப் பக்கம் ஓர் அரசு வானொலி நிலையத்தில் விவசாயிகளுக்கான நேரலை நிகழ்ச்சியைப் பல வருஷமாகத் தயாரித்து வருகிறேன். என் குரல் ஒலிபரப்பில் வராது. ஸ்டுடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் போனும் துண்டுச்சீட்டுமாக உட்கார்ந்திருப்பேன். கூப்பிடுகிறவர் முதலில் பேசுவது என்னிடம்தான். பெயர், ஊர், கேள்வி மூன்றையும் ஒரு நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு, யாரை முதலில் விடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

அந்த ஒரு நிமிஷம்தான் இந்த வேலையின் உயிர். எங்கள் ஊர்க்காரர்கள் எடுத்த எடுப்பில் கேள்விக்கு வரமாட்டார்கள். "நல்லா இருக்கீங்களா அம்முணி, அங்க மழை பேஞ்சுதுங்களா" என்று விசாரித்துவிட்டு, கடைசியில்தான் "ஓலையெல்லாம் கருப்புப் பூசுன மாதிரி ஆயிப்போச்சுங்க" என்பார்கள். அந்தக் கடைசி வரியைத்தான் சீட்டில் எழுதுவேன். விசாரிப்பை மட்டும் ஒருநாளும் வெட்டமாட்டேன். அதை வெட்டினால் பாதிப் பேர் கேள்வியைச் சொல்லாமலேயே வைத்துவிடுவார்கள்.

விருந்தினரைத் தயார் செய்வது அடுத்த பாடு. சுருள் வெள்ளை ஈ 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அதைப் பற்றி மட்டும் எத்தனையோ நிகழ்ச்சி செய்திருக்கிறோம். ஒருமுறை வந்த பூச்சியியல் அறிஞர் விஷயம் நன்றாகத் தெரிந்தவர். அந்த ஈயின் குஞ்சுகளுக்குள் வளர்ந்து அவற்றைக் கொல்லும் சின்னக் குளவியைப் பற்றி, "என்கார்சியா ஒட்டுண்ணியைப் பாதுகாக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நான் அவசரமாக ஒரு தாளில் "கண்ணுக்குத் தெரியுமா? எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று பெரிதாக எழுதிக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். அறிவிப்பாளர் அதையே கேட்டார். அறிஞர் உடனே தோப்புக்குள் நிற்கிறவர் போலப் பேச ஆரம்பித்துவிட்டார். ஓலைக்கு அடியில் திருப்பிப் பாருங்கள், ஈயின் குஞ்சுகள் கருத்துப்போயிருந்தால் ஒட்டுண்ணி உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம், அங்கே பூச்சி மருந்து அடிக்காதீர்கள், அந்த ஓலைத் துண்டை எடுத்து ஒட்டுண்ணி இல்லாத மரத்தில் மாட்டுங்கள் என்றார். அன்றைக்கு அப்புறம் வந்த அழைப்பெல்லாம் அதைப் பற்றித்தான். அரசு வானொலி இதற்காகத்தான் இருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன்.

கட்டுப்பாடுகள் உண்டு. நிகழ்ச்சியில் கம்பெனிப் பெயர் வரக்கூடாது. நேயர் கடையில் வாங்கிய மருந்தின் பெயரைச் சொல்லத்தான் செய்வார், அதனால் முன்கூட்டியே அவரிடம் பேசி வைக்க வேண்டும். கட்சி அரசியலும் கூடாது. சம்பளத்தைப் பொறுத்தவரை, நிரந்தரப் பணி அரிது. கேசுவலாக, அதாவது தற்காலிகமாக, வந்தால் மாதத்துக்குச் சில டூட்டிதான் கிடைக்கும். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, வேறொரு வருமானமும் வைத்துக்கொண்டு வாருங்கள்.

இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறில். ஆரம்பத்தில் ஒரு நேரலையில், அழைப்பு மேல் அழைப்பாக வந்த அவசரத்தில், காங்கயம் பக்கத்துப் பெரியவர் ஒருவரை வழக்கமான எச்சரிக்கை சொல்லாமலேயே இணைத்துவிட்டேன். அவர் வீட்டு ரேடியோ சத்தம் போனுக்குள் புகுந்து கூவியது. அறிவிப்பாளர் "ரேடியோ சத்தத்தைக் குறைச்சுக்குங்க" என்றார். அதற்கப்புறம் பேச்சே இல்லை. அஞ்சாறு விநாடி போனது. லைன் போய்விட்டது என்று நினைத்து அழைப்பைத் துண்டித்து, அடுத்தவரை இணைத்தேன்.

மறு வாரம் அதே பெரியவர் கூப்பிட்டார். கோபமே இல்லை. "போன வாரம் ரேடியோவ நிறுத்தலாம்னு திண்ணைக்குப் போனனுங்க. கால் வலி, மெதுவாத்தான் நடக்கோணும். திரும்பி வந்து பாத்தா நீங்க இல்லைங்க" என்றார். மஞ்சள் கிழங்கு அழுகலைப் பற்றி அவர் கேட்க வேண்டியிருந்த கேள்வி ஒரு வாரம் காத்திருந்திருக்கிறது.

இப்போது சிலர் செல்போன் செயலியில் கேட்டுக்கொண்டே கூப்பிடுகிறார்கள். செயலியில் ஒலி சில விநாடி தாமதமாக வருவதால், தங்கள் குரலையே பின்னால் கேட்டுக் குழம்பிப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் என் விரல் பொத்தான் மேலேயே இருக்கும். ஆனால் அழுத்துவதில்லை. அறிவிப்பாளருக்குக் கைகாட்டி, "நிதானமா வாங்க, லைன்லயேதான் இருக்கோம்" என்று சொல்லச் சொல்வேன்.