பிறர் வரைவில் தெரியும் நம் பிழை

அன்புள்ள ஐயா,

முதுகலை மாணவர்களிடம் ஒருவர் கட்டுரையை மற்றவர் படித்துக் கருத்து எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் ‘நன்றாக உள்ளது’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். தெரியாதவருக்குத் தெரியாதவர் என்ன சொல்லித்தர முடியும்? பெயரை மறைத்துப் பார்க்கலாமா, மதிப்பெண் போடச் சொல்லலாமா?

ஒரு கல்லூரி ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பெயரை மறைப்பது உங்கள் விருப்பம். மதிப்பெண் வேண்டாம், நண்பனின் தேர்ச்சி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தபின் குறையைச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

‘தெரியாதவருக்குத் தெரியாதவர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. கருத்தைப் பெறுபவருக்கே பயன் என்று எண்ணிவிட்டீர்கள். லண்ட்ஸ்ட்ராமும் பேக்கரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற மாணவர்களில் ஒரு பகுதியினர் பிறர் கட்டுரைகளுக்குக் கருத்து எழுத மட்டும் பழகினர். மற்றவர்கள் கருத்துகளைக் கொண்டு திருத்த மட்டும் பழகினர். சொந்த எழுத்தில் கூடுதலாக முன்னேறியவர்கள் கருத்து எழுதியவர்களே, அதிலும் தொடக்க நிலையில் இருந்தவர்கள்.

எனக்கு இது வியப்பில்லை. ஆய்வு மாணவனாக இருந்தபோது தோழி ஒருத்தியின் அத்தியாய வரைவைப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி ‘எனவே’ என்று தொடங்கியது. அந்த ‘எனவே’யைத் தாங்கும் காரணம் எதுவும் அதற்கு முன்னால் இல்லை. ஏதோ இடறுகிறது என்று தெரிந்ததே தவிர, என்ன என்று சொல்ல வரவில்லை. பென்சிலால் வட்டமிட்டு ‘எதனால்?’ என்று எழுத அரை மணி நேரம் ஆனது. அன்றிரவு என் வரைவை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது ‘எனவே’ இருந்தன, ஐந்துக்குக் காரணம் இல்லை. ‘வாதம் தளர்ந்திருக்கிறது’ என்று என் நெறியாளர் இரண்டு ஆண்டுகளாக எழுதிவந்ததன் பொருள் அன்றுதான் விளங்கியது. நம் எழுத்தைப் படிக்கையில், தாளில் இல்லாததை மனம் நிரப்பிக்கொண்டே போகிறது. பிறர் எழுத்தில் அப்படி நிரப்ப நம்மிடம் எதுவும் இல்லை.

ஆகவே மாணவர்களைக் குறை சொல்லாதீர்கள், தவறு உங்களுடையது. நல்ல கட்டுரை ஒன்றையும் தேறாத ஒன்றையும் அருகருகே வைத்து வகுப்பில் படித்துக் காட்டினீர்களா? தரம் எது என்று ஆசிரியரைப் போலவே மாணவரும் உணர்ந்தாலொழிய தன் வேலையைத் தானே திருத்திக்கொள்ள முடியாது என்று கல்வி ஆய்வாளர் ராய்ஸ் சாட்லர் 1989இலேயே எழுதினார். அதைச் செய்யாமல் தாளை மட்டும் கையில் கொடுத்தால், பாவம், அந்தப் பிள்ளைகள் வேறு என்ன எழுதுவார்கள்?

அடுத்த முறை முடிந்த கட்டுரையைக் கொடுக்காமல், திருத்த இடமுள்ள வரைவைக் கொடுங்கள். ‘எந்த வரியில் நின்று திரும்பப் படித்தாய், ஏன்?’ என்ற ஒன்றை மட்டும் கேளுங்கள். எழுதி முடித்ததும், அதே வகுப்பிலேயே, அவரவர் வரைவைத் திறக்கச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.