பழைய எம்ஜிபி காரின் பிரேக் ஹோஸ்கள்

கேள்வி: என்னுடைய 1972ஆம் ஆண்டு எம்ஜிபி (MGB) என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் முன்பக்க இடது சக்கரம் இறுகியே நிற்கிறது. பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பரைப் புதுப்பித்தும் பயனில்லை. அதற்கு பிரேக் ஆயிலைக் கொண்டுசெல்லும் ரப்பர் ஹோஸில் (வளையும் குழாயில்) வெடிப்பு எதுவும் தெரியவில்லை. அதை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம். ஹோஸ் பழையதாகும்போது அதன் உட்சுவர் உப்பி, வழி குறுகிவிடும். மிதிக்கும்போது உண்டாகும் பெரும் அழுத்தம் பிரேக் ஆயிலை எப்படியும் தள்ளிவிடும். காலை எடுத்ததும் அதைத் திருப்பி அனுப்பும் விசை மிகச் சிறியது என்பதால், ஆயில் காலிப்பரிலேயே சிக்கிக்கொள்ளும். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் இறுகியிருக்கும்போதே, ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் இணைப்பைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். சக்கரம் விடுபட்டால் குறை மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் பகுதி) பக்கம் இருக்கிறது. அப்போது விடுபடாமல், காலிப்பரில் காற்றை வெளியேற்றுவதற்காக உள்ள பிளீடர் திருகைத் திறந்த பிறகே விடுபட்டால் குறை ஹோஸில்தான்.

ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் சிக்கனம். முன்னால் இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று என மூன்றையும் மாற்றுங்கள்; அடியில் மறைந்திருக்கும் அந்தப் பின் ஹோஸைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கழற்றும்போது ஹோஸின் அறுகோணப் பகுதியை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, குழாயின் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். இல்லையேல் துருப்பிடித்த குழாய் முறுகி, அதையும் மாற்ற நேரிடும். புதிய ஹோஸ் முறுக்கின்றி அமைந்த பின், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, அது எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு, பிரேக் குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள். பெயிண்டில் சிந்தும் பிரேக் ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.