ஏதென்ஸுக்குப் புதிதாக வந்தவருக்கு: இங்கே ஆட்சி எப்படியெல்லாம் மாறியது?

ஏதென்ஸுக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதமே ஆன தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "மொனாஸ்திராகி பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் இடிந்த கல்தான். அரசன், கொடுங்கோலன், சிலராட்சி, மக்களாட்சி எல்லாம் இங்கேதான் நடந்தது என்கிறார்கள். எது முன்னே, எது பின்னே? எங்கே போய்ப் பார்த்தால் புரியும்? நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அன்றைக்கு என்ன இடம்?"

தம்பி, கடைசிக் கேள்வியைக் கேட்டது மிக நல்லது. ஒவ்வொரு ஆட்சியிலும் யாரைக் கணக்கில் சேர்த்தார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் சொற்கள். உங்களுக்கு வரும் அரசுத் தாள்களின் தலைப்பில் 'எல்லினிகி திமொக்ரதியா' என்று இருக்கும். இன்றைய கிரேக்க மொழியில் அந்தச் சொல் குடியரசு, மக்களாட்சி இரண்டையும் குறிக்கும். 'திமோஸ்' என்பது இன்று நகராட்சி. அன்றைக்கு அதுவே குடிமக்கள் திரளுக்கும் பெயர், ஒரு சிற்றூருக்கும் பெயர். நாடாளுமன்றத்தை 'வூலி' என்கிறார்களே, பழைய 'பூலே' பேரவையின் பெயர்தான் அது. 'திரன்னோஸ்' என்ற சொல்லில்தான் எல்லாரும் இடறுவார்கள். தொடக்கத்தில் அதற்குக் கொடியவன் என்று பொருள் இல்லை. பரம்பரை உரிமை இல்லாமல் ஆட்சியைக் கைப்பற்றியவன், அவ்வளவுதான். கெட்ட பொருள் பிறகு ஏறியது.

ஆண்டுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. கி.மு. 508/507 என்று இரட்டையாக எழுதியிருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். ஏதென்ஸின் ஆண்டு நடுக்கோடையில் தொடங்கியதால் நம் கணக்கில் இரண்டு ஆண்டுகளில் விழுகிறது.

இனி வரிசைக்கு வருவோம். அரசன் ஒரே நாளில் போகவில்லை, அவன் வேலைகளைப் பங்கு போட்டுப் பிரித்தார்கள். கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு 9 ஆர்க்கான்கள், அதாவது ஆட்சித் தலைவர்கள். அவர்களில் ஒருவர் பெயர் 'பசிலியுஸ்', அதாவது அரசன். ஆனால் அவர் கையில் இருந்தவை பெரும்பாலும் சமயக் காரியங்கள். பதவிக் காலம் முடிந்தவர்கள் அரியோபாகஸ் சபையில் ஆயுள் முழுக்க அமர்ந்தார்கள். எல்லாரும் பெரிய குடும்பத்தார்.

சிறு விவசாயிகள் கடனில் மூழ்கி, தங்கள் உடம்பையே ஈடு வைத்து அடிமையாகும் நிலை வந்தபோது, கி.மு. 594-இல் சோலோனை ஆர்க்கானாக்கினார்கள். உடம்பை ஈடு வைக்கும் கடனை அவர் ஒழித்தார். பதவிக்குப் பிறப்புக்குப் பதில் விளைச்சலை அளவாக்கினார்: ஆண்டுக்கு 500 மெதிம்னோஸ் விளைந்தால் முதல் வகுப்பு, 300 விளைந்தால் குதிரைக்காரர், 200 விளைந்தால் ஏர்மாட்டுக்காரர், அதற்குக் கீழே கூலிக்காரர். ஒரு மெதிம்னோஸ் சுமார் 52 லிட்டர். ஆக, பிறப்பாட்சி பணக்காரர் ஆட்சியாக மாறியது. சமவெளி, கடற்கரை, மலைப்பக்கம் என்று மூன்று கட்சிகளின் சண்டை மட்டும் அப்படியே நின்றது.

அந்தச் சண்டையில்தான் பிசிஸ்ட்ரேடஸ் நுழைந்தார். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு, பகைவர் தாக்கியதாகச் சொல்லி, தடியடி வீரர்களைக் காவலுக்குக் கேட்டு வாங்கி, அவர்களை வைத்தே நகரின் மலைக்கோட்டையான அக்ரோபோலிஸைப் பிடித்தார். இருமுறை விரட்டப்பட்டு, கி.மு. 546-இல் நிலையாக அமர்ந்தார். ஏழை விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார், ஊர் ஊராக நீதிபதிகளை அனுப்பினார். அதனால் அவருக்கு ஆதரவு இருந்தது. மகன் ஹிப்பியாஸ் காலத்தில் அது கெட்டது. கி.மு. 514-இல் ஹிப்பியாஸின் தம்பி ஹிப்பார்க்கஸ் கொல்லப்பட்ட பிறகு ஆட்சி கடுமையாகி, கி.மு. 510-இல் ஸ்பார்ட்டா படையின் உதவியோடு ஹிப்பியாஸை வெளியேற்றினார்கள். அப்போது ஸ்பார்ட்டாவில் என்ன ஆட்சி தெரியுமா? ஒரே சமயத்தில் இரண்டு அரசர்கள், 60 வயது கடந்த 28 முதியோர், ஆண்டுக்கு 5 எஃபோர்கள் என்ற மேற்பார்வை அதிகாரிகள். ஏதென்ஸின் வரிசையைக் கிரேக்கம் முழுவதற்கும் பொருத்தினால் கணக்கு தவறிவிடும்.

கி.மு. 508/507-இல் கிளிஸ்தனிஸ் செய்த காரியம் என் பார்வையில் இவை அனைத்திலும் பெரியது. நாட்டை நகரம், கடற்கரை, உள்நாடு என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் 10 கூறுகள் வைத்தார். மூன்றிலிருந்தும் ஒவ்வொரு கூறாக எடுத்துச் சேர்த்தால் ஒரு குலம். இப்படி 10 குலங்கள். குலத்துக்கு 50 பேர் வீதம் 500 பேர் பேரவை. பழைய மூன்று கட்சிகளின் வேர் இதில்தான் அறுந்தது. எந்தப் பெரிய குடும்பமும் தன் வட்டாரத்தை மட்டும் திரட்டிக்கொண்டு வர முடியாமல் போனது.

அவர்களுடைய மக்களாட்சியின் உயிர் தேர்தலைவிடச் சீட்டுக் குலுக்கலில்தான் அதிகம் இருந்தது. படைத்தலைவர்களைத்தான் வாக்குப் போட்டுத் தேர்ந்தார்கள். பேரவையினர், நீதிமன்றத்தினர், பெரும்பாலான அலுவலர்கள் எல்லாம் குலுக்கல். உத்திரமேரூர்க் குடவோலை நினைவுக்கு வரும். இங்கே அந்தக் குடத்தின் இடத்தில் ஒரு பளிங்குப் பலகை. பழைய சந்தைத் திடலான அகோராவில் அத்தாலோஸ் மண்டப அருங்காட்சியகத்தில் அதன் துண்டைக் கிட்டே நின்று பாருங்கள். வரிசை வரிசையாக மெல்லிய துளைகள். ஒவ்வொருவரும் தன் பெயர் பொறித்த தகட்டைக் கொடுக்க, அவற்றைத் துளைகளில் செருகுவார்கள். பக்கத்துக் குழாயில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்களைக் கலந்து கொட்டி, ஒவ்வொன்றாகக் கீழே விடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசையில் இருக்கும் ஐந்து பேரும் நீதிமன்றத்துக்கு. கறுப்பு விழுந்தால் ஐந்து பேரும் வீட்டுக்கு. எந்த வழக்குக்கு யார் அமர்வார் என்பது அன்று காலைவரை யாருக்கும் தெரியாது. முன்பு அது முன்கூட்டியே தெரிந்ததால் லஞ்சம் புகுந்தது; அதை அடைக்கத்தான் இத்தனை ஏற்பாடு.

அதே கூடத்தில் பேச்சு நேரம் அளக்கும் மண்பானை இருக்கிறது. சுமார் 6.4 லிட்டர் நீர், ஆறு நிமிடத்தில் காலி. நாடு கடத்த வேண்டியவர் பெயரைக் கீறிப் போட்ட ஓட்டாஞ்சில்லுகளையும் விடாதீர்கள். 6,000 சில்லுகள் விழுந்தால், அதிகப் பெயர் வாங்கியவர் பத்து ஆண்டு நாட்டை விட்டுப் போக வேண்டும். சொத்து அவருடையதாகவே இருக்கும். இதிலும் குளறுபடி நடந்தது. தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் பெயர் எழுதிய சுமார் 190 சில்லுகள் ஒரே கிணற்றில் கிடைத்தன. அத்தனையும் 14 பேர் கையெழுத்து. யாரோ முன்கூட்டியே எழுதி, விநியோகிக்க வைத்திருந்தவை.

சரி, நம் போன்றவர்களுக்கு வருகிறேன். வெளியூரார் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் தங்கினால் 'மெத்தோய்கோஸ்', அதாவது வந்தேறி, என்று பதிய வேண்டும். பொறுப்பேற்க ஒரு குடிமகன் வேண்டும். வரி ஆண்டுக்கு ஆணுக்கு 12 திராக்மா (வெள்ளிக் காசு), தனியாகச் சம்பாதிக்கும் பெண்ணுக்கு 6. எரெக்தெயோன் கோயில் கட்டுமானக் கணக்குக் கல்வெட்டில் குடிமகன், வந்தேறி, அடிமை மூவருக்கும் ஒரே நாள்கூலி, ஒரு திராக்மா. ஆக வரி 12 நாள் உழைப்பு. படையில் சேர வேண்டும். நிலமோ வீடோ வாங்க முடியாது, வாக்கு இல்லை. கி.மு. 451-இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். மக்களாட்சி உள்ளே அகன்றபோது வாசல் குறுகியது.

ஆனால் ஆட்சி கவிழ்ந்தால் முதல் அடி யார்மேல் விழுந்தது என்பதையும் பாருங்கள். கி.மு. 411-இல் நானூறு பேர் சில மாதம் ஆண்டார்கள். கி.மு. 404-இல் ஸ்பார்ட்டாவிடம் போரில் தோற்றதும் அதன் ஆதரவோடு முப்பது பேர் வந்தார்கள். கஜானா காலி, பணக்கார வந்தேறிகளைக் கொன்று சொத்தை எடுக்க முடிவு செய்தார்கள். பத்துப் பேர் பட்டியலில் இரண்டு ஏழைகளையும் சேர்த்தார்கள், பணத்துக்காக இல்லை என்று காட்ட. இதில் சிக்கிய வந்தேறி லிசியாஸின் குடும்பம் சிசிலித் தீவின் சிராக்கூஸிலிருந்து வந்தது. கேடயப் பட்டறை வைத்திருந்தார்கள். முப்பது பேரின் ஆட்கள் 700 கேடயங்களை அள்ளினார்கள். லிசியாஸ் தப்பினார், அண்ணன் பொலெமார்க்கஸுக்கு விசாரணையே இல்லாமல் நஞ்சு கொடுத்தார்கள். அவர் மனைவியின் காதிலிருந்த தங்கக் கம்மலை, வீட்டுக்குள் நுழைந்தவன் பிடுங்கினான். லிசியாஸ் பிறகு நீதிமன்றத்தில் சொன்ன இந்தப் பேச்சு இன்றும் இருக்கிறது.

கி.மு. 403-இல் திராசிபுலஸ் தலைமையில் விரட்டப்பட்டவர்கள் திரும்பி, மக்களாட்சியை மீட்டார்கள். பழையதை மனத்தில் வைத்துப் பழி தீர்க்கக் கூடாது என்று இரு தரப்பும் சத்தியம் செய்தது. அது பெருமளவு நிலைத்தது. கி.மு. 322-இல் மக்கெதோனியர் வந்து, 2,000 திராக்மா சொத்து இல்லாதவர்களின் உரிமையைப் பறிக்கும்வரை அந்த அமைப்பு ஓடியது.

பார்க்கப் போகும்போது அகோராவில் தொடங்கி, பத்துக் குலங்களுக்குப் பெயர் தந்த பழங்கதை வீரர்களின் சிலை மேடை, பேரவையில் முறைப்படி பொறுப்பிலிருந்த குலத்தின் 50 பேர் சாப்பிட்ட வட்ட மண்டபம், அருங்காட்சியகம் என்று முடித்துவிட்டு, மாலையில் மக்கள் கூட்டம் நடந்த ப்னிக்ஸ் மேட்டுக்கு ஏறுங்கள். அங்கே கட்டணம் இல்லை. பாறையில் வெட்டிய பேச்சு மேடை அப்படியே நிற்கிறது. எந்தக் குடிமகனும் ஏறிப் பேசலாம் என்றிருந்த இடம்.

ஜனநாயகத்தை மீட்கத் தோள் கொடுத்த வெளியூராருக்கு உரிமை வழங்கிய கல்வெட்டு ஒன்றும் துண்டு துண்டாகக் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவரவர் தொழில்: விவசாயி, சமையல்காரர், தச்சர்.