தவறவிடத் தெரிந்த சிப்பாய்: கேள்வி பதில்

ராணுவப் பயிற்சிக்கான சிமுலேஷன் மென்பொருளில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டு, இப்போது நங்கநல்லூரில் ஓய்வில் இருக்கிறேன். கணினிச் சிப்பாயை நிஜ மனிதன் போல நடக்க வைப்பது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

கிண்டி மாணவர்: சார், எங்கள் கணினிச் சிப்பாய் எதிரி தலை தெரிந்த கணமே சுட்டுவிடுகிறான். நம்பும்படியாக இல்லை.

நடுவில் மறைப்பு இல்லையென்றால் பார்த்துவிட்டான் என்று எழுதியிருப்பீர்கள், தம்பி. மறைப்பு இல்லையென்றால் பார்க்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். 1958-இல் ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வாளர் இதை அளந்தார். இலக்கின் குறுகிய பக்கத்துக்குள் எத்தனை கருப்பு வெள்ளைக் கோட்டு ஜோடிகளைப் பிரித்துப் பார்க்க முடிகிறது என்பது கணக்கு. ஒன்று என்றால் 'ஏதோ இருக்கிறது'. நான்கு என்றால் 'டாங்கி'. ஆறைத் தாண்டினால்தான் 'இன்ன ரக டாங்கி'. இவை எல்லாமே பாதிக்குப் பாதி வாய்ப்புதான்.

அப்புறம் கவனம். தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவில் மனைவியைத் தேடியதுண்டா? (உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.) கூர்மையாகத் தெரிவது பார்வையின் நடுவே சுமார் 2 பாகை அகலம்தான். பச்சைப் புடவையைத் தேடும் கண், எதிரே வரும் மைத்துனரைக் கோட்டைவிடும். உங்கள் சிப்பாய் எங்கே பார்க்கிறான், எதை எதிர்பார்க்கிறான் என்று எழுதுங்கள். மற்றதைத் தவறவிடட்டும்.

அம்பத்தூர் பொறியாளர்: சிப்பாய் முன்னால் இருக்கும் எல்லா வழிகளுக்கும் மதிப்பெண் போட்டு, அதிகமானதை எடுக்கச் சொன்னால் போதாதா?

சதுரங்கத்துக்குச் சரி. 1980-களில் கேரி கிளைன் என்ற உளவியலாளர் தீயணைப்பு அதிகாரிகளை ஆராய்ந்தபோது, அவர்கள் பெரும்பாலும் வழிகளை ஒப்பிடுவதே இல்லை என்று கண்டார். 'இது அந்த மாதிரித் தீ' என்று பிடிபடும். முதலில் தோன்றியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, ஒத்துவந்தால் இறங்கிவிடுவார்கள். ஆகவே அனுபவமுள்ள ஹவில்தாருக்கு இப்படிப் பழகிய சூழ்நிலை மாதிரிகளை நிறையக் கொடுங்கள், புது ஆளுக்கு நாலைந்து. புது ஆள் தப்பான மாதிரியைப் பிடித்துக்கொண்டால் திருத்திவிடாதீர்கள்.

பெயர் சொல்லாதவர்: பயத்தை எப்படிச் சேர்ப்பது?

'தைரியம் 70' என்று ஓர் எண் போடாதீர்கள். பார்வை குறுகட்டும், முடிவெடுக்க நேரம் பிடிக்கட்டும்.

வேளச்சேரி வாசகி: ஒருவன் பார்த்தால் மொத்தக் குழுவும் திரும்புகிறதே?

எங்களுக்கும் நடந்ததம்மா. எல்லாருக்கும் பொதுவாக ஒரே எதிரிப் பட்டியல் வைத்திருந்தோம். பார்க்க வந்த ஓய்வுபெற்ற சுபேதார், "இவங்களுக்கெல்லாம் ஒரே மண்டையா?" என்று கேட்டுவிட்டார். பட்டியலை ஆளுக்கொன்றாகப் பிரியுங்கள். பார்த்தவன் கத்தித்தான் சொல்ல வேண்டும். அதற்குச் சில நொடி ஆகும். துப்பாக்கிச் சத்தம் அதிகமென்றால் செய்தி போய்ச் சேராமலே போகட்டும்.