அம்மாவிடம் சொல்லாமல் ஞானஸ்நானம் பெறலாமா?

வணக்கம் மேடம். எனக்கு 29 வயது. ஒரு வருடமாக கிறிஸ்தவ விசுவாசத்தைக் கற்றுத்தரும் மறைக்கல்வி வகுப்புக்குப் போகிறேன், ஈஸ்டருக்கு முந்தின இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில் எனக்கு ஞானஸ்நானம். இன்னும் மூன்றே வாரம். எங்கள் வீட்டில் யாரும் கிறிஸ்தவர் இல்லை. அப்பா இறந்தபிறகு அம்மாவும் நானும்தான். ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலை என்று அம்மாவிடம் பொய் சொல்லித்தான் கிளம்புகிறேன். போன வாரம் கோவிலில் குருவானவர் எங்களை முன்னால் நிறுத்தி ஜெபித்தபோது மனதில் ஒன்றுமே தோன்றவில்லை, அம்மா முகம்தான் வந்தது. எனக்கு விசுவாசமே இல்லையோ? தள்ளிப் போடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

விசுவாசத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், மற்றதெல்லாம் அம்மாதான். ஒரு பொய்யைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிற மனம் எந்நேரமும் காவல் நிற்கும், ஜெபத்தில் மட்டும் எப்படி இளகும்? குருவானவர் உங்களை முன்னால் நிறுத்தி ஜெபித்தது, ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் நடக்கும் சடங்கு. அது உங்கள் உணர்ச்சியை அளக்கிற பரீட்சை அல்ல. வயது வந்தவரிடம் திருச்சபை எதிர்பார்ப்பது சொந்த விருப்பம், விசுவாசத்தைப் பற்றிய போதிய அறிவு, பாவங்களுக்காக மனம் வருந்துவது. அழுகை வரவேண்டும் என்று எங்கும் இல்லை.

இந்தப் பொய்யும் சேர்த்து இதுவரை செய்த பாவமெல்லாம் ஞானஸ்நானத்தில் மன்னிக்கப்படும் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். சரி, ஆனால் பிறகு வேறு யாரோ சொல்லி அம்மாவுக்குத் தெரிந்தால் அந்தக் காயத்தை நீங்கள்தான் ஆற்ற வேண்டும்.

நான்காம் ஞாயிறன்று, இயேசு பார்வை கொடுத்த பிறவிக் குருடன் கதை வாசிப்பார்கள். அவனுக்கு எப்படிப் பார்வை வந்தது என்று கேட்டால் அவனுடைய பெற்றோர், யூதர்களின் ஜெபக்கூடத்திலிருந்து விலக்கிவிடுவார்களோ என்று பயந்து, "அவன் வயது வந்தவன், அவனையே கேளுங்கள்" என்று ஒதுங்கிவிடுவார்கள். உங்கள் அம்மாவுக்கும் சொந்தபந்தம் என்ன சொல்லுமோ என்ற பயம் வரலாம். அதைவிட, மகளும் கைவிட்டுப் போய்விடுவாளோ என்றுதான் அதிகம் பயப்படுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அனுமதி கேட்காதீர்கள், வேதத்தை விளக்கவும் வேண்டாம். "அம்மா, இவ்வளவு நாள் பொய் சொன்னேன், தப்புதான். ஆனா உன்னை விட்டு எங்கேயும் போகமாட்டேன்" என்று சொல்லுங்கள். அழுவார், திட்டுவார். எதிர்த்துப் பேசாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

தள்ளிப் போட உங்களுக்கு முழு உரிமை உண்டு, குருவானவரிடம் சொன்னால் போதும். ஆனால் அம்மாவிடம் சொல்லப் பயந்து தள்ளிப் போட்டால் அடுத்த தவக்காலத்திலும் இதே கடிதத்தைத்தான் எழுதுவீர்கள்.

பேசப் போகும் நாளை முன்கூட்டியே ஞானஸ்நானத்தில் உங்களுக்குத் துணை நிற்கப்போகும் ஞானத்தாயிடம் சொல்லி வையுங்கள், அன்று இரவு பேச ஒரு ஆள் வேண்டியிருக்கும். அப்புறம், அம்மா கொஞ்சம் ஆறிய பிறகு திருவிழிப்புக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். கிறிஸ்தவர் அல்லாதவரும் வந்து உட்காரலாம்.