வெளிச்சவீட்டுப் பூனையின் பழி

மதிப்பிற்குரிய ஐயா,

நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் வெளிச்சவீட்டுக் காவலரின் ஒரே பூனை, பறக்காத பாடும் குருவி இனம் ஒன்றை முற்றாக அழித்ததென்று வகுப்பில் சொன்னேன். “எங்கட ஆட்காட்டியும் நிலத்திலதானே முட்டையிடுது, இங்க பூனைக்கும் குறைவில்லை. அது ஏன் அழியேல்லை?” என்று தரம் 9 மாணவி ஒருத்தி கேட்டாள். என்னிடம் விடையில்லை.

ஆசிரியர் ஒருவர், மாங்குளம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொன்ன கதையைவிட மாணவியின் கேள்வி கூர்மையானது. ஆட்காட்டி நரிக்கும் கீரிக்கும் உடும்புக்கும் நடுவே முட்டையிட்டுப் பழகிய பறவை. ஆளரவம் கேட்டதுமே கத்திக்கொண்டு எழும்பிவிடும், முட்டையோ மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். நியூசிலாந்திலோ மனிதர் வரும்வரை வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இருக்கவில்லை. பறப்பதற்கான மார்புத் தசையைப் பேண நிறைய இரை வேண்டும். துரத்துவார் இல்லாத இடத்தில் அந்தச் செலவு வீண் என்பதால், தலைமுறை தலைமுறையாக அக்குருவியின் சிறகு சிறுத்தது.

1894இல் ஸ்டீபன்ஸ் தீவின் வெளிச்சவீட்டில் முதன்முதலாக விளக்கு ஏற்றப்பட்டது. பூனை கவ்விவந்த குருவிகளை உதவிக் காவலர் டேவிட் லையல் எடுத்துவைத்தார். ஆங்கிலேய விலங்கியலாளர் வால்டர் ராத்சைல்ட் அவ்வினத்துக்கு லையலின் பெயரையே சூட்டினார். உயிரோடு அதைப் பார்த்த லையல், பாறைகளுக்கிடையே எலிபோல ஓடியதென்றும் பறக்கவேயில்லை என்றும் தெரிவித்தார். ஆனால் ‘ஒரே பூனை’ என்பது கதைக்காரர் சேர்த்த உப்பு. தீவில் கட்டாக்காலிப் பூனைகள் பெருகின. அவற்றை ஒழித்து முடிக்க 1925 ஆயிற்று.

பூனையை விடப் பெரிய குற்றவாளி எலி. இதே குருவியின் எலும்புகள் நியூசிலாந்தின் இரு பெருந்தீவுகளிலும் கிடைத்துள்ளன. பசிபிக் தீவுகளின் மக்களான பொலினீசியர் சுமார் 13ஆம் நூற்றாண்டில் குடியேறியபோது அவர்களோடு வந்த பசிபிக் எலியே அங்கெல்லாம் அதை இல்லாமலாக்கியதாகக் கருதப்படுகிறது. ஏறத்தாழ ஒன்றரைச் சதுர கிலோமீற்றரேயான ஸ்டீபன்ஸ் தீவு அதன் கடைசிப் புகலிடம். எலி தொடங்கியதைப் பூனை முடித்தது.

‘பாடும் குருவி’ என்பதிலும் ஒரு திருத்தம். இது மரங்களில் அமரும் பறவைகளின் வரிசையைச் சேர்ந்ததெனினும், பாடும் பறவைகளின் கிளையில் அடங்காது. உண்மையாகவே பாடும் கிளையைச் சேர்ந்த பறக்காத குருவியொன்று கனரித் தீவுகளின் டெனெரீஃபில் இருந்தது. அதன் எலும்புகளே எஞ்சியுள்ளன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட அந்த வரிசையில் பறக்காதவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

‘அப்ப அந்த எலி ஸ்டீபன்ஸ் தீவுக்கு ஏன் போகேல்லை?’ என்று அந்தப் பிள்ளை அடுத்துக் கேட்கக்கூடும். எலியைச் சுமந்த படகு எதுவும் அங்கே அதை இறக்கிவிடவில்லை, அவ்வளவுதான். எலி வராததால், மிகப் பழைமையான மரபைச் சேர்ந்த டுவாட்டாரா என்னும் ஊர்வன, வேறெங்கையும்விட இன்றும் அங்கேதான் அதிகம்.