கயிறு விட்டா, திரித்தா?

கேள்வி: சுமத்ரா, அந்தமான் பக்கம் கடலுக்கடியில் நிலநடுக்கம் என்றால் டி.வி.யில் பெரும்பாலும் ‘10 கி.மீ. ஆழம்’ என்கிறார்கள். கயிறு விட்டா பார்த்தார்கள்? ரிக்டர் எண்ணையும் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடுகிறார்களே?
— ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: கயிறு விட்டுப் பார்க்கிற ஊர்க்காரர் கேட்கிற கேள்விதான். பாம்பனில் என் மாமா வத்தையில் (சின்ன நாட்டுப் படகு) போவார். கயிற்று நுனியில் ஈயக்குண்டு, குண்டின் அடியில் சவுக்காரம். தூக்கினால் மணலா, சேறா என்று ஒட்டிக்கொண்டு வரும். நனைந்த கயிற்றைக் கை விரித்து விரித்து அளந்து, “நாலு பாகம்” என்பார். கரைக்கு வந்து சொன்னால் அத்தை, “அவுக கை குட்டை. மூணரைன்னு வச்சுக்க” என்பார். மாமாவுக்குக் கோபம் வரும். ஆனால் மறுநாள் மூன்றரை என்றுதான் வலை கட்டுவார்.

நிலநடுக்கத்துக்குக் கயிறு இல்லை, கடிகாரம்தான். அதிர்ந்த இடத்திலிருந்து நேராக ஓர் அலை வருகிறது. இன்னொன்று மேலே போய் முட்டித் திரும்பி வருகிறது. தூரத்துக் கருவியில் இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஆழத்தைச் சொல்லும். 2013இல் ரஷ்யாவின் கிழக்கே ஓகோட்ஸ்க் கடலுக்கடியில் சுமார் 600 கி.மீ. ஆழத்தில் அதிர்ந்தபோது இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன. ஆழம் குறைந்தால் இரண்டும் சிக்கிக்கொள்ளும். சிக்கு எடுக்க முடியாவிட்டால் கணக்கை முடிக்க ஓர் எண்ணை நட்டுவிடுவார்கள். முன்பு 33, இப்போது 10. ஆக, அந்தப் பத்து பல நேரம் விட்ட கயிறு அல்ல, திரித்த கயிறு. விஞ்ஞானியைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் ‘உத்தேசம்’ என்று குறித்துத்தான் அனுப்புகிறார். அதை விழுங்கிவிட்டு வாசிக்கிறவர்களைத்தான் சொல்வேன்.

இடமும் அப்படித்தான். கடலில் கோபுரத்தையும் டவரையும் அடையாளம் வைத்து இடம் பிடிப்பீர்களே, இரண்டும் ஒரே திக்கில் இருந்தால் என்ன ஆகும்? கருவிகளெல்லாம் ஒரு பக்கக் கரையிலேயே இருந்தால் அதே கதை.

எண் மாறட்டும் ஐயா. 2004 டிசம்பர் 26 காலை ஹவாயிலுள்ள சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் சொன்னது 8.0. கடைசியில் 9.1. ஆயிரம் கி.மீ.க்கு மேல் பிளவு கிழிந்து முடியவே பல நிமிடம் ஆனது. முதல் அலையை வைத்து எடை போட்டால் குறையத்தான் செய்யும். ஒரு எண் கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. திருத்துகிறவர்களுக்கு ஓர் அத்தை இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிழைதிருத்துநருக்குத்தான் யாரும் இல்லை. ரிக்டர் 1935இல் செய்தது தென் கலிஃபோர்னியாவுக்கான கணக்கு. பெரிய நடுக்கங்களுக்கு அது எட்டாது. இப்போது அவற்றுக்குப் போடுவது 1979இல் வந்த கணக்கு; அது பிளந்த பரப்பையும் பாறை நகர்ந்த தூரத்தையும் அதன் விறைப்பையும் பெருக்கிப் பார்க்கிறது. நான் ‘ரிக்டர் அளவுகோலில்’ என்பதை அடிப்பேன், அவர் திரும்பச் சேர்ப்பார். வருடக்கணக்கில் நடக்கிறது. இந்தப் பதிலில் வேறெங்காவது ஒரு கோல் முளைத்திருந்தால் அது என் கைவேலை அல்ல.